டைரக்டரி சர்வரில் நிர்வாகி நுழைய இயலாதபோது: காரணங்களும் ஆராயும் முறையும்

பல கணிப்பொறிகளை ஒரே வலையமைப்பில் இணைத்துப் பயன்படுத்தும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும், எவர் எந்தக் கணிப்பொறியில் நுழையலாம், எந்தக் கோப்பைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்பனவற்றைத் தீர்மானிக்கும் பொறுப்புப் பெரும்பாலும் ஒரே சர்வரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். அதற்கு டைரக்டரி சர்வர் என்று பெயர். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி இருப்பதுபோல, இச்சர்வரிலுள்ள பெயரேட்டில் ஒவ்வொரு பயனாளருக்கும் ஒரு பதிவு உண்டு.

இச்சர்வரைப் பேணும் நிர்வாகியே அதனுள் நுழைய இயலாமற் போனால், அதன் விளைவு அவர் ஒருவரோடு நிற்பதில்லை. புதிய மாணவருக்குக் கணக்குத் தொடங்க முடியாது. கடவுச்சொல்லை மறந்த ஆசிரியருக்குப் புதியது வழங்க முடியாது. மாற்றலாகிச் சென்றவரின் கணக்கை மூட முடியாது. சேர்க்கை நாளிலோ மதிப்பெண் பதிவு செய்யும் இறுதி நாளிலோ இது நேருமாயின், நிலையம் முழுவதும் காத்திருக்க வேண்டியதாகும். அவசரத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகளை நீக்கிவிடும் தவறும் இத்தகைய வேளைகளிலேயே நிகழ்கிறது. ஆகவே இக்கோளாறு எவ்வெக் காரணங்களால் உண்டாகிறது, அவற்றை எவ்வரிசையில் ஆராய வேண்டும் என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் நலம்.

திரையில் நுழைவு மறுக்கப்பட்டது என்ற செய்தி தோன்றியவுடன், கடவுச்சொல் தவறு என்று முடிவு செய்வதே பெரும்பாலோரின் வழக்கம். கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவு மறுக்கப்படுவதற்குக் குறைந்தது ஆறு காரணங்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே கடவுச்சொல்லின்மேல் ஐயங்கொள்ள வேண்டும்.

பெயரேட்டின் வரலாறு

கணிப்பொறிப் பெயரேடுகளுக்கான உலகப் பொதுவிதிகள் 1988ஆம் ஆண்டில் எக்ஸ்.500 என்ற பெயரால் வகுக்கப்பட்டன. அவ்விதிகள் விரிவானவை, ஆயின் சிறிய கணிப்பொறிகளால் தாங்கவொண்ணாத சுமையாக இருந்தன. அவற்றின் எளிய வடிவமாக எல்டாப் என்னும் வழக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. வெங்யிக் இயோங், டிம் ஹோவெஸ், ஸ்டீவ் கில் ஆகியோர் 1993 ஜூலையில் அதன் விதிகளை வெளியிட்டனர். அதன் மூன்றாம் பதிப்பு 1997இல் வெளிவந்தது. 2006இல் திருத்தி எழுதப்பட்ட அதன் விதிகளே இன்றும் வழக்கில் உள்ளன.

இவ்வழக்கைப் பின்பற்றும் சர்வர்கள் பல. ஓப்பன்எல்டாப் என்பது 1998இல் தொடங்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரி விண்டோஸ் 2000 உடன் வந்தது. நெட்ஸ்கேப் நிறுவனத்தார் ஆக்கிய சர்வர் 2004இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டு, 2009 முதல் 389 டைரக்டரி சர்வர் என வழங்கப்படுகிறது. எல்டாப் வேண்டுகோள்கள் சர்வரை வந்தடையும் போர்ட்டின் எண் 389 ஆகும். அவ்வெண்ணே அதற்குப் பெயராயிற்று.

கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டமும், அது 2017இல் மாற்றம் பெற்று உருவான கைட் நிறுவனமும் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே பரப்பி வந்துள்ளன. ஓப்பன்எல்டாப்பும் 389 சர்வரும் அவ்வகையைச் சேர்ந்தவையாதலின், உரிமக் கட்டணமின்றி எப்பள்ளியும் அவற்றை நிறுவிப் பயிலலாம்.

நிர்வாகிகள் இருவகையினர்

ஆராய்ச்சியைத் தொடங்குமுன் எந்த நிர்வாகி நுழைய முயல்கிறார் என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். ஏனெனில் டைரக்டரி சர்வரில் நிர்வாகிகள் இருவகையினர்.

முதல் வகையினர் தலைமை நிர்வாகி. 389 சர்வரில் இவருக்கு டைரக்டரி மேனேஜர் என்று பெயர். ஓப்பன்எல்டாப்பில் ரூட் டிஎன் என்று பெயர். இவருடைய பெயரும் கடவுச்சொல்லும் பெயரேட்டுக்குள் ஒரு பதிவாக இருத்தல் வேண்டுவதில்லை. அவை சர்வரின் அமைப்புக் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். அணுகல் விதிகள் இவரைக் கட்டுப்படுத்தா.

இரண்டாம் வகையினர் பெயரேட்டுக்குள் சாதாரணப் பயனாளரைப்போலப் பதிவு செய்யப்பட்டு, பின்னர்ச் சில உரிமைகள் வழங்கப்பட்டவர்கள். கடவுச்சொல்லின் காலாவதி, தவறான முயற்சிகளுக்குப் பின் பூட்டப்படுதல் ஆகிய விதிகள் இவர்களுக்கும் பொருந்தும்.

இவ்வேறுபாடு ஆராய்ச்சியைப் பாதியாகக் குறைக்கும். இரண்டாம் வகை நிர்வாகி நுழைய இயலாதபோது தலைமை நிர்வாகி நுழைய முடியுமாயின், சர்வரும் வலையமைப்பும் நலமாக உள்ளன. குறை அந்த ஒரு கணக்கில் உள்ளது எனத் துணியலாம். இருவருமே நுழைய இயலாவிடின், குறை வழியிலோ சர்வரிலோ இருத்தல் கூடும். 389 சர்வரின் டைரக்டரி மேனேஜருக்குக் கணக்குப் பூட்டும் பொதுவிதி பொருந்தாது. ஆகவே அவருடைய நுழைவு மறுக்கப்படும்போது பூட்டைக் காரணமாகத் தேடுவது வீண்வேலை. ஆயின் அவர் எந்நேரத்தில், எந்தக் கணிப்பொறியிலிருந்து நுழையலாம் என்று வரையறுக்கும் தனி இணைப்பு ஒன்று அச்சர்வரில் உண்டு. அது செயல்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சர்வர் காரணம் கூறாமை ஏன்?

நுழைய விரும்புவோர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் பைண்டு என்னும் வேண்டுகோளாக அனுப்புகின்றனர். சர்வர் அதற்கு ஓர் எண்ணால் விடையளிக்கிறது. 0 என்பது வெற்றி. 49 என்பது அளித்த சான்று பொருந்தவில்லை என்பதாம்.

அத்தகைய பெயரே இல்லையாயினும், பெயர் இருந்து கடவுச்சொல் மட்டும் தவறாயினும், விடை 49 ஆகவே இருத்தல் நன்று. இல்லையேல் அயலார் ஒருவர் பல பெயர்களை அனுப்பிப் பார்த்து, எந்தப் பெயர்கள் உண்மையில் உள்ளன என்று அறிந்துகொள்வார். 389 சர்வரில் இருக்கும் பெயருக்கும் இல்லாத பெயருக்கும் விடை வேறுபட்டதே ஒரு பாதுகாப்புக் குறையாகக் கருதப்பட்டு, 2020ஆம் ஆண்டின் உலகக் குறைபாட்டுப் பட்டியலில் 35518 என்ற எண்ணுடன் பதிவாயிற்று. பின்னர் அது திருத்தப்பட்டது.

ஆகவே திரையில் தோன்றும் செய்தியிலிருந்து உண்மைக் காரணத்தை அறிய இயலாது. சர்வர் வைத்திருக்கும் நிகழ்ச்சிப் பதிவேட்டில்தான் அதை அறியலாம். ஒவ்வொரு வேண்டுகோளும் எந்நேரத்தில், எந்தக் கணிப்பொறியிலிருந்து, எந்தப் பெயரில் வந்தது, என்ன விடை அளிக்கப்பட்டது என்பன அதில் எழுதப்படுகின்றன. 389 சர்வரின் பதிவேட்டில் டேக் 97 என்ற குறியுடைய வரி பைண்டு வேண்டுகோளுக்கான விடையாகும். வரிகளைச் சேர்த்து வைத்துப் பின்னரே வட்டில் எழுதுவது அச்சர்வரின் வழக்கமாதலின், முயற்சி செய்த உடனே வரி காணப்படாவிடில் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

ஆராயும் வரிசை

1. வழி திறந்துள்ளதா? பதிவேட்டில் முயற்சியைப் பற்றிய வரியே இல்லையாயின், வேண்டுகோள் சர்வரை வந்து சேரவில்லை என்பது தெளிவு. அந்நிலையில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி இடுவதால் பயனில்லை. சர்வர் இயங்குகிறதா, 389 அல்லது பாதுகாப்பான வழிக்குரிய 636ஆம் எண்ணுள்ள போர்ட் திறந்துள்ளதா, தீத்தடுப்புச் சுவர் எனப்படும் ஃபயர்வால் இடையில் தடுக்கிறதா என்று முறையே பார்க்க வேண்டும். வலையமைப்புச் சோதனைக்குச் சர்வர் விடையளித்தாலும், டைரக்டரிச் சேவை நின்றுபோயிருக்கலாம். இவை இரண்டும் வேறு. மின்தடையால் சர்வர் திடீரென நின்று மீண்டும் தொடங்கிய பின்னர், தரவுத்தளம் தன்னைச் சீர்செய்து முடிக்கும் வரை சேவை தொடங்காதிருக்கலாம். வட்டில் இடம் தீர்ந்துபோயினும் இவ்வாறே நிகழும்.

2. கடிகாரம் சரியாக உள்ளதா? மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கெர்பராஸ் என்னும் முறையை ஆக்டிவ் டைரக்டரி முதலியவை பின்பற்றுகின்றன. அம்முறையில் பயனாளரின் கணிப்பொறிக் கடிகாரத்திற்கும் சர்வரின் கடிகாரத்திற்கும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருப்பின், இயல்பான அமைப்பில் நுழைவு மறுக்கப்படும். பழைய வேண்டுகோளை நகலெடுத்து மீண்டும் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்கவே இவ்விதி ஏற்பட்டது.

கணிப்பொறியின் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வந்தவுடன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். இம்மின்கலம் பெரும்பாலும் சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் வகையாகும். இதை மாற்றுவது எளிது.

இன்னொரு பிழையும் நம் நாட்டில் நேர்கிறது. கணிப்பொறிகள் உலகப் பொதுநேரத்தையே தம்முள் ஒப்பிடுகின்றன. இந்திய நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. நேர மண்டலம் கிரீன்விச் என்று இருக்கும்போது ஒருவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்துவாராயின், திரையில் நேரம் சரியாகத் தோன்றும்; உள்ளே 5½ மணி நேரம் பிசகியிருக்கும். ஆகவே நேரத்தையும் மண்டலத்தையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். இந்திய நேரத்தைப் பேணுவது புது டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடமாகும். அதன் நேர சர்வரோடோ தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வரோடோ கணிப்பொறிகளின் கடிகாரங்களை இணைக்க வேண்டும் என்று, இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் நாள் வெளியிட்ட ஆணை கூறுகிறது.

3. சான்றிதழ் செல்லுமா? 636ஆம் போர்ட்டின் வழியே செல்லும்போது, சர்வர் முதலில் தன் சான்றிதழைக் காட்டித் தான் இன்னார் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அச்சான்றிதழின் காலம் முடிந்திருப்பினும், அதில் எழுதப்பட்ட பெயரும் நிர்வாகி அழைத்த பெயரும் வேறாயினும் இணைப்பு அறுந்துவிடும். கடவுச்சொல் அனுப்பப்படுவதே இல்லை. சர்வரைப் பெயரால் அழைக்காமல் அதன் ஐபி எண்ணால் அழைப்போருக்கு இக்கோளாறு அடிக்கடி நேர்கிறது. கடிகாரம் பின்னோக்கிச் சென்ற கணிப்பொறிக்கு, நல்ல சான்றிதழும் இன்னும் தொடங்காத காலத்துக்குரியதாகத் தோன்றும்.

பொது நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழ்களின் காலம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகிறது. 2029 மார்ச் 15 முதல் அது 47 நாட்களுக்கு மேற்படலாகாது என்று சான்றிதழ் வழங்குவோரும் உலாவி ஆக்குவோரும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் முடிவு செய்தது. கையால் புதுப்பிக்கும் வழக்கமுடைய நிலையங்கள் இப்போதே தானியங்கி முறைக்கு மாறுதல் வேண்டும்.

4. பெயர் முழுமையாக உள்ளதா? எல்டாப் பெயர் அஞ்சல் உறையின்மேல் எழுதும் முகவரியைப் போன்றது. முதலில் ஆள், பின்னர் அவர் சார்ந்த பிரிவு, பின்னர் நிறுவனம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்கிறது. ஆளின் பெயர் சரியாக இருந்தும் பிரிவின் பெயர் தவறாயின் முகவரி பொருந்தாது. நிர்வாகியின் பதிவு வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தால், பழைய முகவரியை நினைவில் வைத்துள்ள மென்பொருள் தோல்வியடையும்.

எல்லைப்புறப் பள்ளிகளில் தலைப்பெழுத்தும் ஒரு காரணமாகலாம். தமிழ்நாட்டு ஆவணங்களில் தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன்னும், கேரள ஆவணங்கள் பலவற்றில் பெயருக்குப் பின்னும் எழுதுவது வழக்கம். ஒருவரே இரண்டு வடிவிலும் பதிவாகியிருப்பின், எந்த வடிவுக்கு நிர்வாக உரிமை வழங்கப்பட்டது என்று பார்த்தல் வேண்டும். பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பொதுவாக ஒன்றாகவே கொள்ளப்படும், கடவுச்சொல்லில் அவ்வாறன்று.

5. விசைப்பலகை எம்மொழியில் உள்ளது? பொள்ளாச்சியை அடுத்து எல்லையின் மறுபுறமுள்ள கோபாலபுரம் போன்ற பாலக்காட்டுப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தமிழ்ப் பகுதிகளிலும் உள்ள பள்ளிகளில் ஒரே கணிப்பொறியில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் தட்டச்சு செய்யப்படுவதுண்டு. கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகளே தெரியுமாதலின், விசைப்பலகை எம்மொழிக்கு மாற்றப்பட்டுள்ளது என்பது கண்ணுக்குப் புலப்படாது. எடுத்துக்காட்டாக, ஆங்கில எச் எழுத்துக்குரிய விசையை அழுத்தினால், 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி ஏற்பட்ட தமிழ்99 முறையில் ‘க’ விழும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் முறையில் ‘ப’ விழும். நிர்வாகி சரியான விசைகளையே அழுத்தியிருப்பார். சர்வருக்குச் சென்று சேர்வது வேறாக இருக்கும்.

கடவுச்சொல்லையே தமிழில் வைத்துக்கொள்வதிலும் ஒரு நுட்பமான இடர் உண்டு. கோபாலபுரம் என்ற பெயரின் முதல் எழுத்தாகிய ‘கோ’வை யூனிகோடு முறையில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வகை. அதற்குப் பெரும்பான்மையாக வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் 6 பைட்டுகள் வேண்டும். ககரத்தோடு ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. அதற்கு 9 பைட்டுகள் வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒரே வடிவாக்கிய பின்னரே சர்வருக்கு அனுப்புவது சில மென்பொருள்களின் வழக்கம்; அவ்வாறு செய்யாத மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்களாகும். சில சர்வர்கள் ஆங்கில எழுத்தல்லாத கடவுச்சொல்லை ஏற்பதே இல்லை. நிர்வாகியின் கடவுச்சொல்லுக்கு மட்டுமேனும் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் பயன்படுத்துதல் நன்று.

சோதிக்கும் வழி எளிது. பெயர் எழுதும் கட்டத்திலோ வேறொரு வெற்றுப் பக்கத்திலோ, கடவுச்சொல்லில் இல்லாத சில எழுத்துகளைத் தட்டி, அவை எவ்வாறு விழுகின்றன என்று பார்க்கலாம். கடவுச்சொல்லையே வெளிப்படையாகத் தட்டிப் பார்த்தல் கூடாது.

6. கணக்குப் பூட்டப்பட்டதா, காலாவதியானதா? இது இரண்டாம் வகை நிர்வாகிக்குரியது. 389 சர்வரில் பூட்டும் விதியை இயக்கியிருந்தால், வேறு மாற்றம் செய்யாதவரை 3 தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கு 3600 வினாடிகள், அஃதாவது ஒரு மணி நேரம், பூட்டப்படும். அப்போது சரியான கடவுச்சொல்லும் ஏற்கப்படாது. பூட்டு விடப்பட்டதற்கு அயலாரின் முயற்சியும் காரணமாகலாம். நிர்வாகியின் பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு இடைவிடாமல் முயலும் மென்பொருளோ கைப்பேசியோ காரணமாகலாம். எந்தக் கணிப்பொறியிலிருந்து முயற்சிகள் வந்தன என்பதைப் பதிவேட்டில் கண்டறியாமல் பூட்டைத் திறந்தால், அது மீண்டும் விழுந்துவிடும்.

7. நுழைந்த பின் உரிமை இல்லையா? சில வேளைகளில் நுழைவு வெற்றியடைந்தும், நிர்வாகப் பக்கம் திறக்காது. பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டன. ஆயின் அவர் நிர்வாகிகள் குழுவில் இல்லை என்பதே பொருள். இதனை நுழைவுக் கோளாறு என்று கருதிக் கடவுச்சொல்லை மாற்றுவோர் உண்டு. அதனால் பயன் விளையாது. எல்டாப் விதிகளில் 2006இல் சேர்க்கப்பட்ட ‘நான் யார்?’ என்னும் வினாவைச் சர்வரிடம் கேட்டால், தற்போது எந்தப் பெயரில் நுழைந்திருக்கிறோம் என்று அது கூறும்.

இவ்வினா மற்றோர் இடரையும் வெளிப்படுத்தும். பெயரை எழுதிக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டு அனுப்பினால், சில சர்வர்கள் அதைப் பெயரற்றவரின் நுழைவாகக் கொண்டு வெற்றி என்று விடையளித்துவிடும். அவ்விடையைக் கண்ட மென்பொருள் நிர்வாகியே நுழைந்துவிட்டதாக எண்ணக்கூடும். ஆகவே இத்தகைய வேண்டுகோளை மறுத்து 53 என விடையளிக்கும்படி சர்வரை அமைத்தல் வேண்டும் என்பதே விதிகளின் கருத்தாகும்.

விடை எண்களின் பொருள்

நிகழ்ச்சிப் பதிவேட்டில் காணப்படும் முக்கிய எண்கள் பின்வருமாறு:

8: இதனினும் வலிய நுழைவு முறை வேண்டும்.
13: மறைக்கப்பட்ட இணைப்பின் வழியே மட்டும் வருக.
19: விதி மீறல், 389 சர்வரில் முயற்சி எல்லை கடந்து கணக்குப் பூட்டப்பட்டதையும் இது குறிக்கும்.
32: அத்தகைய பதிவு இல்லை.
49: பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை.
50: செயலுக்குப் போதிய உரிமை இல்லை.
53: சர்வர் செய்ய மறுக்கிறது; 389 சர்வரில் கணக்கு முடக்கப்பட்டிருத்தலையும் இது குறிக்கும்.

ஓப்பன்எல்டாப்பில் பூட்டப்பட்ட கணக்கிற்கும் இயல்பாக 49 என்றே விடை வரும். ஆக்டிவ் டைரக்டரியில் 49உடன் ஒரு துணைக்குறியும் வரும். 525 என்பது பயனாளர் இல்லை. 530 என்பது இந்நேரத்தில் நுழைய அனுமதியில்லை. 532 என்பது கடவுச்சொல் காலாவதி. 533 என்பது கணக்கு முடக்கம். 701 என்பது கணக்கின் காலம் முடிவு. 773 என்பது கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். 775 என்பது கணக்குப் பூட்டப்பட்டது. 52 என்பதோடு ஆங்கில ‘இ’ எழுத்துச் சேர்ந்து வந்தால் மட்டுமே கடவுச்சொல் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். தொலைபேசியில் உதவி கேட்போர் இவ்வெண்ணைச் சொன்னால், மறுமுனையில் உள்ளவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கடவுச்சொல் உண்மையிலேயே மறந்துபோயின்

மேற்கூறிய யாவும் விலக்கப்பட்டபின் எஞ்சுவது மறதி. இரண்டாம் வகை நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தலைமை நிர்வாகி மாற்றித் தரலாம். தலைமை நிர்வாகியின் கடவுச்சொல்லே மறந்துபோயின், சர்வர் வைக்கப்பட்டுள்ள கணிப்பொறியின் முழு உரிமை பெற்றவரால் அதை மாற்ற இயலும். பழையதைப் படித்தறிய இயலாது. ஏனெனில் சேமித்து வைக்கப்பட்டிருப்பது கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்பட்டதும் திரும்பப் பெற இயலாததுமான ஒரு சுருக்கக் குறியே.

389 சர்வரில் முதலில் சேவையை நிறுத்த வேண்டும். பின்னர் அதற்கென உள்ள கருவியால் புதிய கடவுச்சொல்லின் சுருக்கக் குறியைக் கணக்கிட்டு, அமைப்புக் கோப்பில் பழைய குறியின் இடத்தில் எழுதிச் சேவையைத் தொடங்க வேண்டும். சேவை இயங்கும்போதே கோப்பைத் திருத்தினால், சர்வர் தன் நினைவிலுள்ள பழைய வடிவத்தை அதன்மேல் எழுதிவிடும், உழைப்பு வீணாகும். உபுண்டு முதலியவற்றில் இயல்பான முறையில் நிறுவப்பட்ட ஓப்பன்எல்டாப்பில், அக்கணிப்பொறியின் ரூட் பயனாளர் உள்வழியாகக் கடவுச்சொல்லின்றியே அமைப்புப் பகுதியை அணுகிப் புதிய குறியை எழுதலாம். ஆக்டிவ் டைரக்டரியில் மீட்பு நிலைக்கெனத் தனிக் கடவுச்சொல் ஒன்று சர்வரை நிறுவும்போதே இடப்படுகிறது; நாள்தோறும் பயன்படாத அது மறக்கப்படுதல் எளிது. எம்முறையாயினும், கைவைக்குமுன் அமைப்புக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

கணிப்பொறியைத் தொடக்கூடியவர் எவரும் தலைமை நிர்வாகியாகிவிட இயலும் என்பது இதனால் விளங்கும். ஆகவே சர்வர் வைத்துள்ள அறையின் பூட்டும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகும்.

தவிர்க்க வேண்டியவை

அவசரத்தில் மூன்று செயல்கள் செய்யப்படுகின்றன. மூன்றும் தீங்கு பயப்பன.

முதலாவது, மனத்தில் தோன்றும் கடவுச்சொற்களை எல்லாம் அடுத்தடுத்து இட்டுப் பார்த்தல். இதனால் கணக்குப் பூட்டப்படும். முன்பு ஒன்றாயிருந்த கோளாறு இரண்டாகும். ஒரே முயற்சி செய்து, அதன் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பதிவேட்டைப் பார்ப்பதே முறை.

இரண்டாவது, சான்றிதழ்ச் சோதனையை நீக்கிவிடுதல். நுழைவு அப்போது கிடைக்கலாம். ஆயின் போலிச் சர்வர் ஒன்று இடையில் நின்று நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கவர்ந்துகொள்ளவும் வழி திறந்துவிடும். தற்காலிகமாக நீக்கியதைத் திரும்ப இட மறப்பதும் இயல்பே.

மூன்றாவது, தொலைபேசியில் உதவுவதாகக் கூறுவோருக்குக் கடவுச்சொல்லைச் சொல்லுதல். கோளாற்றை ஆராயப் பெயரும் நேரமும் விடை எண்ணும் போதும்; கடவுச்சொல் எவருக்கும் தேவைப்படாது.

அறிமுகமற்ற கணிப்பொறியிலிருந்து நிர்வாகியின் பெயரில் பல முயற்சிகள் வந்திருப்பதாகப் பதிவேடு காட்டினால், அதனைக் கோளாறாக மட்டும் கருதாமல் தாக்குதலாகவும் கருதி ஆராய வேண்டும். மேற்குறித்த 2022ஆம் ஆண்டு ஆணையின்படி, அரசு நிறுவனங்கள் உள்ளிட்டவை குறிப்பிட்ட வகை நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் செர்ட்-இன் குழுவிற்குத் தெரிவித்தல் வேண்டும். நிகழ்ச்சிப் பதிவேடுகளை 180 நாட்கள் காத்துவைத்தலும் வேண்டும். இடம் போதவில்லை என்று பதிவேட்டை அழித்துவிட்டால், சான்றும் உடன் அழியும்.

முன்னேற்பாடுகள்

நிர்வாகி ஒருவரே இருக்கும் நிலையத்தில், அவர் விடுப்பிலிருக்கும் நாளே கோளாறு நேரும் நாளாகிவிடக் கூடும். இரண்டாவது நிர்வாகக் கணக்கு ஒன்றைத் தனியாக ஏற்படுத்தி, அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையிட்டுத் தலைமையாசிரியரின் பெட்டகத்தில் வைத்தல் வேண்டும். உறை திறக்கப்பட்டால் நாளும் காரணமும் ஏட்டில் எழுதப்பட்டு, கடவுச்சொல்லும் மாற்றப்பட வேண்டும். தலைமை நிர்வாகியின் கணக்கை நாள்தோறும் செய்யும் வேலைகளுக்குப் பயன்படுத்தலாகாது. சர்வரின் பெயர், முழு எல்டாப் முகவரி, சான்றிதழ் முடியும் நாள், தாய்ப்பலகை மின்கலம் மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சர்வரின் அருகே வைக்கலாம். இவற்றுள் ஒன்றும் மறைபொருளன்று.

சேர்க்கைக் காலம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, மேற்கூறிய ஏழு வினாக்களையும் வரிசையாக ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நலம். உறையிலுள்ள கணக்கால் உண்மையிலேயே நுழைய முடிகிறதா என்பதையும் அன்றே சோதித்து, கடவுச்சொல்லை மாற்றிப் புதிய உறையில் இட்டுவிடலாம்.